பேனல் நிழலில் மந்தை

முத்துராக்கும் அவள் கணவர் காத்தமுத்துவும் ஆண்டுதோறும் இராமநாதபுரத்திலிருந்து செம்மறி மந்தையை ஓட்டிவந்து, திருவானைக்காவல் பக்கம் அறுவடையான வயல்களில் மேய்ப்பார்கள். இந்த வருடம் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடை தள்ளிப்போனது. மழை விட்டதும் அடித்த வெயிலில் குட்டிகள் சுருண்டு விழுந்து செத்தன.

"ஊருக்கே திரும்பிடலாம்" என்றார் காத்தமுத்து.

முத்துராக்குக்கு மனம் வரவில்லை. துவாக்குடி அருகே ஒரு சோலார் வளாகத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருப்பதைப் பார்த்திருந்தாள். நேராக உள்ளே போய், மேற்பார்வையாளர் மார்ட்டினிடம் பேசினாள்.

"புல்ல எங்க ஆடு மேஞ்சு சுத்தமாக்கிரும் சார். பகல்ல பேனல் நிழல்ல படுத்துக்கிட்டா போதும்."

"பேனல் மேல ஏறிடாதாம்மா?"

"வெள்ளாடுதான் ஏறும். இது எல்லாம் செம்மறி. ரெண்டு நாள் விட்டுப் பாருங்க, சரிப்படலைன்னா ஓட்டிட்டுப் போயிடறோம்."

மார்ட்டின் யோசித்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார். அந்தக் கோடை முழுக்க மந்தை அங்கேயே மேய்ந்தது. அதன்பின் ஒரு குட்டியும் சாகவில்லை. அடுத்த வருடமும் வரும்படி மார்ட்டினே கேட்டுக்கொண்டார்.

விஷயம் தெரிந்து மற்ற மந்தைக்காரர்கள் காத்தமுத்துவிடம் யோசனை கேட்டு வந்தார்கள்.

"என்னைக் கேக்காதீங்க. இது எம் பொண்டாட்டி கண்டுபிடிச்ச வழி" என்றார் அவர், எல்லார் காதிலும் விழும்படி.

முத்துராக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "உக்காருங்க, சொல்றேன்" என்றாள்.