பேர் தெரியாத ஜாமீன்

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் சொன்ன அன்றைக்கு, இஸ்திரிக்காரி சந்தோஷத்தில் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டாள். ஒரு சட்டை போச்சு. அதற்கப்புறம் பத்தொன்பது நாளாகியும் அவள் வீட்டுக்காரர் ஜெயிலுக்குள்ளேதான் இருந்தார்.

இவள் தேய்த்த துணியை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு அவர் பெயின்ட் அடிக்கப் போன கட்டடத்தில் செம்புக் கம்பி காணாமல் போக, கைக்கு அகப்பட்டவர் அவர்தான். ஜாமீன் உண்டாம், ஆனால் சொந்த வீடு உள்ள ஒருத்தர் வந்து, கேஸ் தேதிக்கு இவர் வராவிட்டால் என் வீடு பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்படி ஒரு சொந்தக்காரர் இருந்தால் இவள் எதற்கு ஊரார் துணியைத் தேய்க்கிறாள்? இந்தச் சின்ன விஷயம்கூட சட்டம் போட்ட மகராசர்களுக்குத் தோன்றவில்லை. காரை ஏற்றி ஒருவன் காலை முறித்த பெரிய வீட்டுப் பிள்ளை மட்டும் பிடிபட்ட அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தான்.

துணி கொடுக்கும் வீடு ஒன்று விடாமல் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள், அத்தோடு சரி. மடிப்பு சாரிடம் மட்டும் கேட்கவில்லை. பேன்ட் மடிப்பு நூல் பிடித்த மாதிரி இல்லையென்றால் திருப்பி அனுப்புகிற மனுஷன் அவர், ரிட்டையரான சர்வேயர். அவரிடம் யார் வாய் கொடுப்பது?

துணி நாலு நாள் தாமதமானதும் அவரே சண்டைக்கு வந்தார். இவள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மனுஷன் துணியைக்கூட வாங்காமல் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் பார்த்தால் வீட்டுப் பத்திரத்தோடு கோர்ட்டு வாசலில் நிற்கிறார்!

ஜாமீன் கொடுப்பவரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது அந்தக் கோர்ட்டு வழக்கம். உள்ளே இருப்பவரின் பேர் என்ன என்று நீதிபதி கேட்டார். மடிப்பு சார் முழித்தார்.

"தெரியாதுங்க."

வக்கீல் தலையில் கை வைத்தார். இஸ்திரிக்காரிக்கு உயிரே போனது. பேரைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டோமே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பேரே தெரியாம வீட்டை வைக்கிறீங்களா?"

"பதினோரு வருஷமா துணி கொண்டுவந்து குடுக்கிறாருங்க. வர்றேன்னு சொன்ன நாள்ல வராம இருந்ததில்ல. நீங்க தேதி குடுத்தாலும் வருவாரு. எனக்கு அது தெரியும், போதும்."

நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூலிக்கு வருகிற ஜாமீன்காரன் பாட்டன் பேர்வரைக்கும் ஒப்பிப்பானே, இவர் நிஜமான ஆள்தான் என்று சொல்லி உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்காரர் வெளியே வந்ததும் இரண்டு பேரும் நன்றி சொல்ல ஓடினார்கள். கதவைத் திறந்தது சாரின் மனைவி. சார் தூங்குகிறார் என்றாள். ரெண்டு நாளாகத் தூக்கமே இல்லையாம். யாருக்கோ வீட்டை வைப்பதா என்று மகன் போனில் கத்தினானாம், கேஸ் முடிகிறவரை இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டானாம். அந்தம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குத்தான் சொன்னாள்.

இஸ்திரிக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் நின்றபாடில்லை. பெற்ற அப்பன் இருந்தாலும் இதைச் செய்திருப்பானா என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பாதித் தெரு தாண்டித்தான் நின்றார்.

"கேஸ் முடியிற வரைக்கும் எனக்கு ஒரு காய்ச்சல்கூட வரக்கூடாது புள்ள."