இருநூறு அடி கீழே

1

உலகின் கடைசி மூடநம்பிக்கையை ஒழித்த பெருமை என்னையே சேரும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் எங்கள் போர்த்வெலன் துறையில், பாதரசக் காற்றழுத்தமானியின் கண்ணாடியை விரலால் இருமுறை தட்டாமல் யாரும் படகேற மாட்டார்கள். அந்த வழக்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுக் கல்லூரி இதழுக்கு எழுதத் தொடங்கியதுதான் இது. கட்டுரையாக இருந்தது. நடுவில் அக்கா திரும்பி வராமலே போயிருக்கக்கூடும், அதனால் கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: “காற்றுக்கும் எடை உண்டு என்பதை மானுடம் உணர்ந்த அந்தப் பொன்னான…”

(கைவிட்டேன். அக்கா கெரன்சா படித்துக் கொட்டாவி விட்டாள்.)

சுருக்கமாக: மேல்முனை மூடிய கண்ணாடிக் குழாய், கீழே வளைந்து திறந்த வாய். வாயிலுள்ள பாதரசத்தைக் காற்று அழுத்தினால் குழாய்க்குள் அது ஏறும். வாயில் மிதக்கும் சிறு எடையின் நூல், முகப்பிலுள்ள முள்ளைத் திருப்பும். முள் இறங்கினால் புயல்.

3

குன்றின் மேல் எங்கள் வீட்டில் தொங்கிய காற்றழுத்தமானியைத் திங்கள் மாலை நான்தான் துறைக் கொட்டகைக்கு இறக்கினேன். மெல்லச் சாய்த்தபோது பாதரசம் உச்சியில் ‘டக்’ என்று மோதியது.* மாட்டியதும், முகப்பில் ‘மாறும்’ என்ற சொல்லில் நின்றிருந்த முள் ‘தெளிவு’ பக்கம் போனது. மகிழ்ந்தேன்.

செவ்வாய் விடியலில் நண்டுக் கூடை எடுக்கக் கிளம்பிய அக்கா கண்ணாடியைத் தட்டினாள்.

“நல்லாத் தட்டு. உள்ளேருந்து யாராவது ‘யாரது’ன்னு கேப்பாங்க.”

“கேட்டா உன் பேரைச் சொல்றேன் ஜோரி.”

அவள் போனாள். நான் எழுதினேன்: “தட்டுவதால் காற்று பயந்துவிடும் என நம்பும் இம்மக்கள், கீழே இறங்கினால் காற்றழுத்தம் கூடும் என்பதைக்கூட…”

இந்த வாக்கியம் முடியாது. இருநூறு அடி இறக்கினேன். முள்ளைத் திருத்தவில்லை. அது காட்டியது வானத்தை அல்ல, நான் இறங்கிய படிகளை. வெளியே காற்று திசை மாறியிருந்தது.

*சத்தம் கூர்மையாக இருந்தால் உள்ளே காற்று புகவில்லை, கருவி நலம். தூக்கியவனின் மூளையைச் சோதிக்க அப்படி ஒரு சத்தம் கிடையாது.

4

முடிவு அ: எழுத மாட்டேன்.

முடிவு ஆ: நான் படகெடுத்துப் பாய்ந்தேன். (எனக்குப் படகோட்டத் தெரியாதென்பது ஊருக்கே தெரியும்.)

நடந்தது: மழைக்கு முன்னால் துறைக்குள் நுழைந்த முதல் படகு அவளுடையது. நனைந்த கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“முள் பொய் சொல்லிடுச்சுக்கா. நான்தான் திருத்தாம விட்டுட்டேன்.”

“தெரியும்டா. தட்டினேன்ல? சிக்கியிருந்த முள் சட்டுனு கீழ போச்சு. எங்க நிக்குதுங்கறது உன் கோளாறு. எந்தப் பக்கம் நகருதுங்கறதுதான் வானம். அதான் கரை முனையைத் தாண்டாம கிட்ட இருந்த கூடையை மட்டும் தூக்கிட்டு வந்தேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“அறிஞர் எழுதிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன். இந்தா, நண்டைப் பிடி. கொடுக்குல கை வைக்காத.”

வைத்தேன். கடித்தது. அவ்வளவு நிம்மதியாக நான் கத்தியதே இல்லை.

5

இன்று புதன். முள்ளைத் திருத்திவிட்டேன். அக்கா படகில் கூடைகளை அடுக்குகிறாள். கொட்டகையில் நான் மட்டும். கட்டுரைக்கு முடிவுரை வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கை வேலையாக இருக்கிறது.

டொக். டொக்.

முள் மயிரிழை அளவு, மேலே.