மன்றாட்டுப் பெட்டியில் போட்ட பாரம்

1

இந்தக் கதை ஒரு பெட்டியிலிருந்து வந்தது. எங்கள் கோயிலில் அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் இருக்கும் மன்றாட்டுப் பெட்டி. வேண்டுதலைச் சீட்டில் எழுதி உள்ளே போடுவோம். செவ்வாய்க்கிழமை பூசையில்தான் திறந்து, பெயர் சொல்லி வாசிப்பார்கள். இன்று ஞாயிறு. காலையில் நான் போட்டது வேண்டுதல் சீட்டு இல்லை. என் மகள் ஜோஸ்பின் கையெழுத்துக்காக என்னிடம் தந்த பிளஸ் ஒன் குரூப் பாரம். நாளை பத்து மணிக்குள் பள்ளிக்கூடத்தில் கொடுக்கவேண்டியது. சீட்டு இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

'தவறிப்போய்ப் போட்டுவிட்டேன்' என்று எழுதி, அடித்திருக்கிறேன். ஏன் அடித்தேன் என்று சொல்லத்தான் இந்த நோட்டு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மிக்கேல்ராஜ் தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்தாறு வருடமாக ஈரத்தோல் தூக்குகிறவன். நாற்பத்தொரு வயதில் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து— [மிக்கேல்ராஜ் நான்தான். மனு மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.]

அப்புறம் இப்படி:

டெய்சிக்கு முதன்முதலில் அது வந்த அன்று— [டெய்சி என் மனைவி. இந்த வரியை முடிக்க முடியவில்லை. பிறகு வருகிறேன்.]

3

ஜோஸ்பினிலிருந்து தொடங்குகிறேன். பத்தாவது பாஸானதும் சொன்னாள்:

"அப்பா, நான் பயாலஜி குரூப் எடுக்கிறேன். காலேஜில சைக்காலஜி படிக்கணும். மூளை, நரம்பெல்லாம் தெரிஞ்சிருந்தா நல்லதுன்னு மேடம் சொன்னாங்க."

"அது என்ன படிப்பு தாயி?"

"மனசப் பத்தின படிப்பு. அம்மா ஏன் வாசலத் தாண்ட மாட்டேங்கிறாங்கன்னு அதுல இருக்கும்ப்பா."

"அம்மாவுக்குப் பிரஷர்தான?"

"அஞ்சு வருசமாவா?"

அடுப்படியிலிருந்து டெய்சி, "வெஞ்சனத்துக்கு என்ன வைக்க?" என்று கேட்டாள். தப்பித்தேன்.

ஷாப்பில் கூட வேலை பார்க்கும் சௌகத் அலியிடம் சொன்னேன். "மிக்கேலு, ஒம் மக படிச்சு வந்தா மொதக் கேசு நீதான். ஒக்கார வச்சு ஒண்ணொண்ணாக் கேப்பா பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முழுக்க அவன் பக்கம் போகாமல் கடைசித் தொட்டியில் தோல் தூக்கினேன்.

[சௌகத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் நான் தைரியசாலி போலத் தெரிகிறேன்.]

4

தவறிப்போய்ப் போட்டேன் என்கிற இந்த மிக்கேல்ராஜை நான் நம்பவில்லை. பாரம் நாலாக மடித்த பெரிய தாள். சீட்டு இரண்டு விரல் அகலம். தடவிப் பார்த்தே தோலின் கனம் சொல்கிற கைக்கு வித்தியாசம் தெரியாதா?

சீட்டில் இருப்பது: டெய்சி வாசலைத் தாண்ட வேண்டும். ஐந்து வருடமாக இதே வேண்டுதல். முன்பெல்லாம் அடுத்தவரை எழுதச் சொன்னேன். இப்போது என் கையெழுத்து.

பெட்டிச் சாவி உபதேசியாரிடம். அவர் கல்யாணத்துக்கு வத்தலக்குண்டு போய்விட்டார், செவ்வாய்தான் வருவார். ஜோஸ்பின் நாளை சீக்கிரம் போய்க் கேட்டால் வேறு பாரம் தருவார்கள். பத்து மணி தாண்டினால் மிச்சம் கிடக்கிற குரூப்புதான்.

முடிவு ஒன்று: பாரம் தொலைந்தது என்கிறேன். அழுகிறாள். மிச்சம் கிடக்கிற குரூப்பில் சேர்கிறாள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. [எழுதும்போது சுகமாக இருந்தது. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தினேன்.]

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். "ஏன்ப்பா?" என்கிறாள். [பேனா நகரவில்லை.]

5

டெய்சிக்கு முதன்முதலில் அது வந்த அன்று, நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேன் என்று கத்தினாள். பெரியாஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒரு துண்டுத்தாள் எழுதிக் கொடுத்து என்னமோ சொன்னார். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. யாரிடமும் காட்டவில்லை. செபம் பண்ணினோம், கயிறு கட்டினோம். எழுத்துப் படித்த வருடம் அதை எடுத்து வாசித்தேன். 'மனநலப் பிரிவு, அறை 14. கட்டாயம் வரவும்.' ஊர் அவளைப் பைத்தியம் என்னும் என்று மறுபடி மடித்து வைத்தேன். வாசித்து மூன்று வருடம் ஆகிறது. வாசிக்கத் தெரியாத இரண்டு வருடத்துக்கு மன்னிப்பு இருக்கலாம்.

"அப்பா, பாரத்த எங்க வச்சீங்க? பைக்குள்ள எடுத்து வைக்கணும்."

"செத்த இரு தாயி."

நோட்டை டிவி மேல் திறந்தபடி வைத்துவிட்டுப் போகிறேன். வாசிக்கிறது வேறு யாராவது என்றால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஜோஸ்பின் என்றால்: தாயி, அந்தத் துண்டுத்தாள் பைபிளில் யோபுவுக்குள் இருக்கிறது. நான் கொல்லையில்தான் நிற்கிறேன். நீ கூப்பிட்டால் நான்—