பின்வரிசை மூன்று குரங்குகள்

பத்து மணிக்கு அறிக்கை ஜகார்த்தாவுக்குப் போயாக வேண்டும். மணி எட்டே முக்கால். ரெங்கானிஸ் போகோர் ஆய்வகத்தின் கூண்டுகளுக்கு முன்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருட உழைப்பு. சூலகம் நீக்கிய பன்னிரண்டு கிழட்டுப் பெண்குரங்குகள். ஆறுக்கு ஈஸ்ட்ரோஜன், ஆறுக்கு மருந்தில்லாத சும்மா ஒரு மாத்திரை. எந்த மூடிக்கடியில் பழம் இருக்கிறது என்று எவை நினைவில் வைத்திருக்கின்றன? ஹார்மோன் பெற்ற ஆறும் வைத்திருந்தன. சும்மா மாத்திரைக்காரிகளில் மூன்று மறந்துவிட்டன. பின்வரிசை மூன்று மட்டும் மறக்கவே மாட்டோம் என்று அடம்பிடித்து மொத்த முடிவையும் கவிழ்த்தன.

"அதுங்களுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதித் தூக்கிரு, நெங்," என்று, இளம்பெண்களை அங்கே செல்லமாகக் கூப்பிடும் சொல்லோடு, ஆய்வகத் தலைவர் பாக் சூர்யமான் நேற்றே சொல்லிவிட்டார். "ஒன்பத வெச்சு முடி. டாக்டர் பட்டம் உன் கையில."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குச் சோறாவது நிறைய வேண்டாமா? பன்னிரண்டில் மூன்றை எங்கே ஒளிப்பது? அதுவும் பதினொன்றாம் எண்காரி கம்பியைப் பிடித்து உலுக்குகிற உலுக்கலைப் பார்த்தால் நோயாளி என்று எவனும் நம்பமாட்டான்.

கதவு திறந்தது. குரங்குகளை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் மாமா முறை வைத்து 'மாங்' என்று கூப்பிடும் ஓடிங், சட்டைப் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தபடி உள்ளே வந்தார். பின்வரிசை மூன்றும் கம்பியருகே பாய்ந்து வந்து கை நீட்டின. ஆளுக்கு இரண்டு துண்டு, பொரித்த தெம்பே.

ரெங்கானிஸ் நகத்தை வாயிலிருந்து எடுத்தாள். தெம்பே என்றால் புளிக்கவைத்த சோயாக் கட்டி. சோயாவில் ஈஸ்ட்ரோஜனின் சாயல் உள்ள சத்து உண்டு. அதற்காகத்தான் சோயா படாத தீனியை அவள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தாள்.

"என்ன மாங் பண்றீங்க? சோயா கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கேனே!"

"சோயான்னா பாலு, பவுடருன்னு நெனச்சேன் நெங். தெம்பேயப் போயி யாரு கணக்குல சேப்பா? இந்த மூணும் பல்லு போன கெழவிங்க. அந்தத் தீனி உருண்டையக் கடிக்கறதுக்குள்ள அதுங்க உசுரு போயிரும்."

"எத்தன நாளா?"

"நீ வந்த நாள்லேருந்து. நீ குடுக்கறதுதானே? உங்கம்மா கட்டிவிடற டப்பாலேருந்து தெனம் எனக்கு ஆறு துண்டு எடுத்து வைப்பேல்ல? எனக்கு யூரிக் ஆசிட், தெம்பே ஆகாது. வேணாம்னு சொன்னா உன் மனசு கோணுமேன்னு வாங்கி வெச்சு மறுநாள் காலையில நீ வர்றதுக்கு முன்னாடி இதுங்களுக்குக் குடுப்பேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அறிவிப்பை எழுதியதும் இந்தக் கைதான், தெம்பே எடுத்து வைத்ததும் இந்தக் கைதான். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அவளுக்கே அது சோயா என்று தோன்றவில்லை. அந்த மூன்றின் ஞாபகம் தெம்பேயால் வந்ததா, தானாக இருந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டால் பட்டம் உண்டு. திறந்தால் பட்டமும் போகும், ஓடிங்கின் வேலையும் போகும்.

ஒன்பதரைக்கு பாக் சூர்யமான் அறிக்கையோடு வந்தார். "கையெழுத்துப் போடு."

அவள் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டாள். அதைப் படித்ததும் அவர் முகம் சிவந்தது.

"தெம்பேயா? எவன் குடுத்தது? மாங், நீயா? இன்னிக்கே மூட்டையக் கட்டு!"

ஓடிங் தலையைத் தொங்கப் போட்டார்.

"நான் குடுத்தது பாக்," என்றாள் ரெங்கானிஸ். "என் டப்பா. என் அம்மா பொரிச்சது. அவரு வேணாம்னு சொல்லத் தெரியாம மாட்டிக்கிட்டவரு."

"மூணு வருஷம் போச்சு. தெரியுதா உனக்கு?"

"தெரியுது," என்றாள். எழுதியதை அடிக்கப் பேனாவைத் திரும்ப எடுக்கவில்லை.

அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார். மதியம் பழக்க தோஷத்தில் அவள் டப்பாவைத் திறந்து ஆறு துண்டு எடுத்து வைத்தாள். வைத்த பிறகுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பின்வரிசையில் மூன்று கைகள் ஏற்கெனவே நீண்டிருந்தன.

"இனிமே குடுக்கலாமா நெங்?" என்று தயங்கிக் கேட்டார் ஓடிங்.

"குடுங்க மாங். இனிமே யாரு தடுக்கப் போறா?"