வெட்டப்படாத படம்

ஏழாம் வகுப்பின் வலைப்பதிவில் யார் பின்னூட்டம் எழுதினாலும் அதில் நான்கு பகுதிகள் இருந்தாக வேண்டும்: கண்டது, ஆதாரம், முடிவு, கேள்வி. அறிவியல் ஆசிரியை வகுத்த முறை அது. "சூப்பர்", "செம" போன்றவற்றை அவர் பார்த்த கணமே நீக்கிவிடுவார். நான்கும் பிழையின்றி அமைந்தால் ஒரு பச்சை நட்சத்திரம். நட்சத்திரம் பெற்றவை வெள்ளிக்கிழமை மாலை தாமாகவே தொகுக்கப்பட்டு எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சலில் போகும்.

அந்த மாதச் சோதனை ரொட்டிப் பூஞ்சை. ஒரு ரொட்டித் துண்டை வீட்டில் ஒரே இடத்தில் வைத்து, காலையும் இரவும் கைப்பேசியில் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும். ஒரு பெண்ணை வகுப்பு 'இஸ்திரி' என்று அழைத்தது. அவள் சீருடையில் மடிப்புக் கலைந்து யாரும் கண்டதில்லை. அவள் முதல் படத்தை ரொட்டி மட்டும் தெரியும்படி வெட்டிப் போட்டாள். ஆசிரியை மதிப்பெண்ணைக் குறைத்தார்.

"படத்தை வெட்டினா அது தரவு இல்லம்மா, விளம்பரம். சுத்தி என்ன இருக்குன்னு தெரியணும். வெளிச்சம் எங்கிருந்து வருது, சுவரு ஈரமா இருக்கா, எல்லாம் பார்த்தாத்தான் பூஞ்சை ஏன் வந்துச்சுன்னு சொல்ல முடியும்."

சுற்றி என்ன இருக்கிறது என்பது தெரியக்கூடாது. அவளுடைய சிக்கலே அதுதான். அவளும் அப்பாவும் இருந்தது வீட்டில் அல்ல, அப்பா துணி தேய்க்கும் சலவைக்கடையின் பின்னறையில். முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டுப் போனபின், வேலைக்காக அப்பாவிடம் இருந்த சாவியால் பின்கதவைத் திறந்து உள்ளே வருவார்கள். அவர் வருமுன் எழுந்து படுக்கையைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். முதலாளிக்கு இது தெரியாது. முதலாளியின் மகள் அதே வகுப்பில்தான் படித்தாள்.

"பின்னாடி எதையாவது தொங்கவிட்டா முடிஞ்சுது," என்றார் அப்பா. "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

"வெட்டக் கூடாதுன்னுதான்ப்பா மிஸ் சொன்னாங்க. மறைக்கக் கூடாதுன்னு சொல்லல."

"அப்புறம் என்ன? நம்மகிட்ட துணிக்கா பஞ்சம்?"

கொடியில் கிடந்த வெள்ளை விரிப்புகளில் மிகச் சுத்தமானதைத் தேர்ந்து, ஒருமுறை தேய்த்து, அலமாரியின் குறுக்கே கட்டினார். சுவரின் ஈரத்திட்டும் சுருட்டிய படுக்கையும் மறைந்தன. விரிப்பின் கீழ்மூலையில் கடைக்குறி இருந்தது: அழியாத சிவப்பு மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வாடிக்கையாளரின் எண். நாளெல்லாம் அந்தக் குறிகளைக் கொண்டே துணி பிரிப்பவர் அவர். விரிப்பு என்றால் மூலையில் குறி இருக்கும் என்பது அவருக்குத் துணிக்கு ஓரம் இருப்பதைப் போல. அதனால் அது அவர் கண்ணில் படவில்லை.

படங்கள் ஒழுங்காக ஏறின. வகுப்பிலேயே முதலில் பச்சை பூத்தது அவளுடைய ரொட்டிதான்.

முதலாளி மகளுக்கு அதுவரை நட்சத்திரம் ஒன்றும் கிடைக்கவில்லை. 'எப்பத்தான் வாங்குவ?' என்று அவள் அப்பா சாப்பாட்டு மேசையில் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கணினி அறையில் அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் தட்டச்சு செய்தாள்:

"கண்டது: ரொட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளை விரிப்பு. ஆதாரம்: அதன் மூலையில் எங்கள் கடையின் சிவப்புக் குறி, எண் 214. விரிப்புக்குக் கீழே எங்கள் அலமாரியின் பச்சைக் கால். எல்லாப் படங்களும் கடை பூட்டியிருக்கும் நேரத்தில் எடுக்கப்பட்டவை. முடிவு: இந்தச் சோதனை எங்கள் கடைக்குள் நடக்கிறது, சோதனை செய்பவர் அங்கேயே தங்குகிறார். கேள்வி: பூஞ்சை வாடிக்கையாளரின் விரிப்புக்கும் பரவுமா?"

முடிவு ஆதாரத்திலிருந்து வருகிறதா என்று ஆசிரியை பார்த்தார். வந்தது. உடனே பச்சை நட்சத்திரம் கொடுத்து, அதைத் திரையில் காட்டினார்.

"பாருங்க, ஒரு வார்த்தை வீண் இல்ல. பொருள் ஒரு ஆதாரம், நேரம் இன்னொரு ஆதாரம். இப்படித்தான் எழுதணும்."

"இனிமே இவ இஸ்திரி இல்லடா, பூஞ்சை," என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பு சிரித்தது.

"மனுஷங்களப் பத்திப் பேசாதீங்க, தரவைப் பத்திப் பேசுங்க," என்று ஆசிரியை கண்டித்தார்.

இடைவேளையில் அவள் முதலாளி மகளைத் தண்ணீர்க் குழாயருகே பிடித்தாள்.

"அதை எடுத்துடுடி. மெயில் போறதுக்குள்ள."

"எடுத்தா ஸ்டார் போயிடும்ல?"

"உங்கப்பா பார்த்தா எங்கள வெளிய அனுப்பிடுவாரு."

"அதுக்கு நான் என்ன பண்றது? பொய்யா எழுதினேன்?" முதலாளி மகள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வேணும்னா என் ரொட்டிக்கு நீ ஒண்ணு எழுது. உனக்கும் ஸ்டார் கிடைக்கும்."

ஆசிரியையிடம் காரணத்தைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"மிஸ், என் பதிவை அழிச்சிடவா? படம் சரியா வரல."

"சரியா வராததையும் வெச்சுக்கிறதுதான் அறிவியல். பிடிக்காததையெல்லாம் அழிச்சா அப்புறம் சோதனை எதுக்கு?" ஆசிரியை கனிவாகவே சொன்னார். முதல் படத்துக்குக் குறைத்த மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்தார்.

மாலையில் முதலாளி கைப்பேசியை நீட்டியபடி தேய்ப்பு மேசைக்கு வந்தார். முகத்தில் கோபம் இல்லை, பெருமை இருந்தது.

"பாப்பா எழுதினதக் கேளு. கிளாஸ்லயே இதுதான் ஃபர்ஸ்ட்டாம்."

நான்கு பகுதிகளையும் உரக்கப் படித்தார். அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பின்கதவருகே மகள் பையைக் கழற்றாமல் நின்றாள்.

"ஐயா, பொண்ணு படிப்புக்காக..."

"படிப்பு நல்ல விஷயம்தானே. நான் ஏதாவது சொன்னேனா?" முதலாளி படத்தைப் பெரிதாக்கினார். "இந்த 214 யாரு?"

"ஓட்டல்காரருங்க."

"பூஞ்சைக்குப் பக்கத்துல ஓட்டல்காரர் விரிப்பு! நல்லவேளை, எம் பொண்ணு கண்ணுல பட்டுச்சு. சரி, கையில இருக்கிறதத் தேய்ச்சு முடி. 214ஐ மறுபடி துவைச்சுப் போடு. அப்புறம் சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு. நாளையிலேருந்து வேற ஆளு வருது."

"பொண்ண வெச்சுக்கிட்டு எங்கங்கய்யா போறது?"

"உள்ள வந்தப்போ என்னைக் கேட்டுட்டா வந்த?"

அப்பா மீதியிருந்த சட்டைகளைத் தேய்த்து முடித்தார். ஒன்றிலும் சுருக்கம் இல்லை.

சோதனைக்கு இன்னும் ஒரு படம் பாக்கியிருந்தது. அதையும் அவள் பதிவேற்றினாள். திங்கட்கிழமை காலை ஆசிரியை அதற்குத் தாமே பின்னூட்டம் எழுதினார், முறை வழுவாமல்:

"கண்டது: பேருந்து நிலைய இருக்கையில் ரொட்டி, பக்கத்தில் ஒரு துணிமூட்டை, உறங்குபவர் ஒருவரின் கால்கள். ஆதாரம்: படத்திலேயே உள்ளது. முடிவு: முதன்முறையாகப் படம் வெட்டப்படவும் இல்லை, மறைக்கப்படவும் இல்லை. பாராட்டுகள். கேள்வி: சோதனை முடியுமுன் இடத்தை மாற்றலாமா?"

இடத்தை மாற்றியதற்காக அரை மதிப்பெண் குறைக்கப்பட்டது.