மேல் துண்டு

இருபத்தாறு வருடங்களுக்கு முன் இதே நோட்டரி அலுவலகத்தில், படித்துக் காட்டியதில் ஒரு வார்த்தையைக்கூடக் காதில் வாங்காமல் தலையாட்டினேனே என்று நினைத்துக்கொண்டாள் ரைன்ஹில்ட். கல்யாணத்துக்கு முந்தைய அந்த ஒப்பந்தம் மாமியாரின் ஏற்பாடு. அவரவர் சொத்து அவரவருக்கே. திராட்சைத் தோட்டத்தில் மருமகள் பங்கு கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

இப்போது கணவன் அன்ஸ்கர் அதை மாற்றச் சொல்கிறான். மோசல் ஆற்றுக்கு மேலே, சித்தி அவளுக்கு விட்டுப்போன மலைச்சரிவு நிலமும் அவன் தோட்டத்தோடு சேர வேண்டுமாம்.

“முழுசும் படிக்கணுமா மேடம்? கொடிக்கு மருந்தடிக்கிற வேலை அப்படியே கிடக்கு” என்றான்.

“நான் உரக்கப் படிக்கலைன்னா இது செல்லாது சார்” என்று நோட்டரி படிக்கத் தொடங்கினாள்.

‘மனைவிக்குச் சொந்தமான சரிவு’ என்ற இடத்தில் ரைன்ஹில்ட் நிமிர்ந்தாள். வீட்டில் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது வெறும் மேல் துண்டு.

“சந்தேகம் ஏதாவது இருக்காம்மா?”

“இல்ல மேடம். இந்தத் தடவை எல்லாம் காதுல விழுந்துச்சு.”

“அப்புறமென்ன, போடு” என்று அன்ஸ்கர் பேனாவை நீட்டினான்.

“பழசே இருக்கட்டும், அன்ஸ்கர். உங்கம்மா நல்லாத்தான் எழுதி வெச்சிருக்காங்க.”

பேனாவை வாங்கி, மூடி மேசைமேல் வைத்தாள்.