வேழினி வாங்கிய வெட்டுகள்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்கா, ஆயர் குரோவில் எங்கள் வீட்டு வரிசையில் குடியிருக்கும் நிவேந்திரன், ஒரு சனிக்கிழமை காலை கார் கழுவிக்கொண்டே சொன்ன வரியிலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"ஷீட்ட டேபிளோட லிங்க் பண்ணதுல இருந்து ஸுஹாவுக்கு நம்பர் ஏறிடுச்சுக்கா. எனக்குத் தூக்கமே வரல."

எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் யாரோ ஒருத்திக்கு நம்பர் ஏறியதற்கு இவன் ஏன் தூங்காமல் கிடக்கிறான்? கதை எழுதுகிறவளிடம் இப்படி ஒரு வரியைச் சொல்லிவிட்டுக் காரைக் கழுவப் போனால் அவள் சும்மா இருப்பாளா?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*இருள் கவிந்த கோட்டை வாசலில் வேழினி தன் வாளை உருவி*

வேண்டாம். மலாக்காவில் கோட்டை என்று எழுதினாலே சுற்றுலாப் பேருந்து வந்து நின்றுவிடும்.

*தங்கா பத்துவில், கடல் பார்த்த ஜன்னலோரம், ஸுஹா தனிமையில்*

இதுவும் வேண்டாம். ஜன்னலோரப் பெண்ணை நானே போதுமான அளவு எழுதியாயிற்று. அதோடு, ஸுஹாவின் ஜன்னலில் கடல் தெரியாது, பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின்தான் தெரியும்.

ஆகவே அலங்காரமில்லாமல் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு முடிந்ததும் மூன்று பேர் மூன்று வீடுகளில் கணினி முன் உட்காருவார்கள். நிவேந்திரன் கதையை நடத்துவான்: குகை, பாலம், ராட்சசன் எல்லாம் அவன் பொறுப்பு. மெர்லிமாவிலிருந்து வாணி மந்திரக்காரியாக வருவாள். தங்கா பத்துவிலிருந்து ஸுஹா, வேழினி என்ற வாள்வீராங்கனையாக வருவாள். முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும்தான். வரைபடம் இருக்கும் இணையப் பக்கத்தை மேசை என்பார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் வலிமை, உயிர்ப்புள்ளி, காயம் எல்லாம் இன்னொரு பக்கத்தில், ஷீட்டில் இருக்கும்.

யார் எதைச் செய்தாலும் இருபது முகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். எண் பெரிதாக வந்தால் வெட்டு எதிரிக்கு, சிறிதாக வந்தால் தனக்கு. பகடையை அவரவர் வீட்டில் உருட்டி, வந்த எண்ணை வாயால் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில். ஆங்கிலத்தில் சொன்னால் செல்லாது என்பது வாணி விளையாட்டாகப் போட்ட சட்டம். சொன்ன எண்ணை யாரும் சோதிப்பதில்லை. நம்பிக்கைதான்.

இரண்டு வருடமாக வேழினி வெட்டு வாங்கினாள். இடது கண் போயிற்று. தோளில் ஈட்டி. கழுதை உதைத்து ஒரு பல்.

"இவளுக்கு டைஸ் ராசியே இல்ல லா!" என்று வாணி சிரிப்பாள். ஸுஹாவும் சேர்ந்து சிரிப்பாள்.

4

பிறகு நிவேந்திரன் ஒரு சின்ன மென்பொருளை ஏற்றி ஷீட்டையும் மேசையையும் இணைத்தான். இனி ஷீட்டில் வாளை அழுத்தினால் போதும், மேசையில் பகடை தானாக உருண்டு எண் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வெட்டு விழுந்தால் ஷீட்டில் உயிர்ப்புள்ளி தானாகக் குறையும்.

(பிறகு நிவேந்திரன் எனக்கு இதைச் செய்து காட்டினான். நான் இங்கே ஒரு பெயரை அழுத்துகிறேன். அங்கே எங்கோ ஒரு மேசையில் அது உருள்கிறது. நான் எழுதிய எந்தப் பாத்திரமும் இப்படித் தாளைவிட்டு எழுந்து போனதில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, வாயில கொசு போயிடும்" என்றான்.)

இணைத்த அன்று வேழினி வாளை வீசினாள். பதினாறு. மறுபடி வீசினாள். பதிமூன்று. பிறகு ஒரு நான்கு, பிறகு பதினெட்டு.

"ஏய் ஸுஹா! இத்தன நாளா ராசிய எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள் வாணி.

கொஞ்ச நேரத்தில் மேசையிலிருந்து ஸுஹாவின் பெயர் மறைந்தது. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

5

முதல் வரைவில் இந்த இடத்தில் மற்ற இருவரும் ஸுஹாவைப் பொய்க்காரி என்று சந்தேகிப்பதாக வைத்திருந்தேன். உணவகத்தில் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு நிவேந்திரன் தலையாட்டினான்.

"பொய்தாங்கா சொல்லியிருக்கா. ஆனா ஜெயிக்கிறதுக்கு இல்ல, தோக்கறதுக்கு. யோசிச்சுப் பாத்தேன். ஒம்போதுக்கு மேல அவ வாயால வந்த நம்பர் இருபது மட்டும்தான். நீங்க பத்துல இருந்து பத்தொம்போது வரைக்கும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க."

சொன்னேன். பத்து, பதினொன்னு, பன்னெண்டு, பதிமூனு… ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது வரை போனேன். ஒவ்வொரு முறையும் உதடு ஒட்டித்தான் பிரிந்தது. அத்தனையும் 'ப'.

"பினாங்குக்குப் போலாம்னா 'அந்தத் தீவுக்கா'ம்பா. வீட்டுல பூனை வளக்கறா, ஒருநாளும் பூனைன்னு சொன்னதில்ல, 'மியாவ்'தான். எப்பவாவது 'ப'ன்னு ஆரம்பிச்சு நின்னுடும். நாங்க தங்கா பத்து லைன் மோசம்னு நெனச்சோம். அவளும் 'ஆமா, லைன் சரியில்ல'ன்னுடுவா. வேற வார்த்த இருந்தா மாத்திக்கலாம். நம்பர எப்படி மாத்துறது?"

மாற்றியிருக்கிறாள். பதினேழு உருளும். அவள் "ஏழு" என்பாள். வேழினியின் கண் போகும்.

6

(அடிக்குறிப்பு போல ஒன்று, ஆனால் அடியில் போட மனம் வரவில்லை. நான் எத்தனையோ துயரங்களை உட்கார்ந்து தயாரித்தவள். யாருக்கும் தெரியாமல், வந்த வெற்றியை உள்ளங்கையில் பார்த்துக்கொண்டே, சிரித்தபடி தோல்வியைச் சொல்லும் ஒருத்தியைத் தயாரிக்க எனக்குத் தெரிந்திருக்காது. அவளை நினைத்தால் பெரிய மலையின் கீழே நிற்கிற மாதிரி இருக்கிறது.)

உண்மையான ஸுஹாவுக்கு வேறு பெயர், வேறு வேலை. அதை மறைக்க வேண்டும் அல்லவா? முதலில் அவளை மருந்துக் கடையில் வைத்தேன். பனடோல் மாத்திரை கேட்டு ஆட்கள் வருவார்களே என்று தோன்றியதும் வெளியே எடுத்துவிட்டேன். பிறகு ஒரு துணிக்கடையில் வைத்தேன். பட்டு, பாவாடை, பருத்தி. எங்கே வைத்தாலும் அங்கே எனக்கு முன்னால் 'ப' போய் உட்கார்ந்திருக்கிறது. இவள் தினமும் இப்படித்தானே வீட்டைவிட்டு இறங்குகிறாள்? கடைசியில் அவளுக்கு வேலையே கொடுக்காமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

நிவேந்திரன் நல்லது செய்யவே இணைத்தான் என்றும் ஒரு பத்தி இருந்தது. அவனே அடிக்கச் சொன்னான். "சும்மா ஈசியா இருக்கும்னு பண்ணேங்கா. வேற ஒன்னும் இல்ல."

வாணியிடம் அவன் விஷயத்தைச் சொன்னபோது அவள் போனிலேயே அழுதாளாம். "நான் ராசி இல்லாதவன்னு கிண்டல் பண்ணேனே லா. இனிமே அவ வருவாளா?"

7

மூன்றாவது ஞாயிறு வந்தாள். நிவேந்திரன் வீட்டு வரவேற்பறையில், அவனுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நானும் இருந்தேன். நான் இருப்பதை மூவரும் அறிவார்கள்.

"ஸுஹா, ஷீட்ட அமுக்கினா போதும்," என்றான். "ஒன்னும் பேச வேணாம். இல்லன்னா இங்கிலீஷ்ல சொல்லு. டைப் பண்ணாலும் ஓகே."

"லிங்க்க எடுத்துடு," என்றாள் ஸுஹா. "வேழினி ரெண்டு வருஷமா எனக்காக அடி வாங்கிட்டா. இந்தத் தடவ நான் வாங்கிக்கிறேன்."

(திரும்பப் படியுங்கள். ஒரு சொல்கூட 'ப'வில் தொடங்கவில்லை. இந்த வாக்கியங்களை அவள் எத்தனை முறை மனதில் தேய்த்திருப்பாள்!)

நிவேந்திரன் இணைப்பை எடுத்தான். வேழினிக்கு உயிர்ப்புள்ளி மூன்றுதான் மிச்சம். பாலத்தின் நடுவில் ராட்சசன் நிற்கிறான். பத்தோ அதற்கு மேலோ வந்தால் அவன் விழுவான். குறைந்தால் வேழினி சாவாள், ஷீட்டை மூடிவிட வேண்டியதுதான். இரண்டு வருடப் பெண்.

தங்கா பத்துவில் ஒரு மரப்பலகைமேல் பகடை உருண்டு நின்ற சத்தம் ஆயர் குரோவில் எங்களுக்குக் கேட்டது.

8

முடிவு அ: "எட்டு" என்கிறாள். வேழினி சாகிறாள். பலகைமேல் என்ன எண் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

முடிவு ஆ: கணீரென்று சொல்லிவிடுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (இதை எழுதிக் கிழித்தேன். திக்குவது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடுவதில்லை. போனால்தான் அவள் ஜெயித்ததாக அர்த்தம் என்று நான் எழுதினால் என் கையை முறிக்க வேண்டும்.)

முடிவு இ: *அவள் மூச்சை இழுத்து*

இதை மட்டும் அடிக்கவில்லை. ஏனென்றால் அவள் மூச்சை இழுத்தாள். பிறகு:

"ப்…"

நின்றது. லைன் நன்றாகத்தான் இருந்தது.

"ப்… ப்…"

பத்திலிருந்து பத்தொன்பது வரைதான் அப்படித் தொடங்கும். வேழினி பிழைத்துவிட்டாள். ஆட்டத்துக்கு மிச்சச் சொல் தேவையில்லை. மூவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். ஆனால் நிவேந்திரன் ராட்சசனை நகர்த்தவில்லை. திரையில் வாணியின் பெயருக்குப் பக்கத்தில் மைக் சிவப்பாயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத வாணி, தன் சந்தோஷக் கூச்சல் குறுக்கே விழுந்துவிடக் கூடாது என்று, தன் குரலைத் தானே அணைத்துக்கொண்டாள்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். எண்ணை எழுதமாட்டேன். நீங்களும் தயவுசெய்து முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.